நாயகன் முதுகில் ஆரோ ஸ்டிக்கர்

அந்தப் படம் எப்படி என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. நல்ல படம் என்று சொல்ல வாய் வராது. மோசமான படம் என்று சொல்ல மனசு வராது. "பார்த்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

வெளிநாட்டுப் படம். தமிழில் பேச வைத்திருந்தார்கள். முகமூடி போட்ட ஒருவர், கரும்பச்சையில் உடம்போடு ஒட்டிய உடை, முதுகில் மஞ்சள் சால்வை. வானத்திலிருந்து குதிப்பார், பறப்பார், பேருந்தைத் தூக்குவார். கடைசியில் உலகத்துக்காக உயிரை விடுவார். அந்த வருடம் திருப்பூரே அதைப் பார்த்தது. பார்க்காதவர்களும் அவருடைய முகத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். எந்தப் பிரிண்டிங் பட்டறைக்குள் போனாலும் அந்த முகமூடிதான் மேசை மேசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் மார்பில் அவர். பஸ்ஸில் கண்டக்டர் பையின் வாருக்கு அடியில் பாதி அவர்.

எனக்கு அவர் மேல் பகை ஒன்றும் இல்லை. அவருடைய உடை மேல்தான்.

காரணம் என் வேலை. பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங். தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, முன்னும் பின்னும் பார்த்து, உள்பக்கத்தைத் திருப்பியும் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு ஆரோ ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அந்த அம்புக்குறியின் முனை குறையைக் காட்டும். ஒட்டிய பீஸுக்கு ஆல்டர் பீஸ் என்று பெயர்; அது தைத்தவரிடம் திரும்பிப் போகும். அவர் பிரித்துச் சரிசெய்து கொண்டுவருவார். நான் மறுபடி பார்த்து, திருப்தி என்றால், ஸ்டிக்கரை உரித்து பாஸ் பண்ணுவேன். ஒட்டியவர்தான் உரிக்க வேண்டும். தைத்தவர் தானாக உரித்துவிட்டால் தொலைந்தார். குறையை மறைக்கப் பார்த்தார் என்று லைன் முழுவதும் அவரை ஒரு மாதிரி பார்க்கும்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. சாயங்காலம் கம்பெனி கேட்டைத் தாண்டினாலும் கண் வேலையை விடாது. கல்யாண வீட்டில் மணமேடையைப் பார்க்காமல் மாப்பிள்ளை சட்டையில் கோடும் கோடும் சேருகிறதா என்று பார்ப்பேன். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரின் டீ-சர்ட் ஓரத்தை எடுத்துத் தடவிப் பார்த்து, அவர் திரும்பி முறைத்ததும் உண்டு. திருப்பூரில் இதெல்லாம் பெரிய தப்பில்லை. அந்த மனிதரும் முறைத்துவிட்டு, "எந்தக் கம்பெனிங்க?" என்றுதான் கேட்டார். கைக்கு எட்டட்டும் என்று ஆரோ ஸ்டிக்கர் பட்டையை செல்போனின் பின்பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பேன். எங்கள் செக்கிங் மேசையில் பாதிப் பேர் அப்படித்தான்.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்த்தால் என்ன ஆகும்? ஒருவர் காலரை உள்பக்கமாக மடித்துப் போட்டிருந்தார். ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே சரக்கு வியாபாரம் பேசினார். இன்னொருவர் நல்லவர்தான், ஆனால் தன்னைப் பற்றித் தானே பேசி, தானே சிரித்து, தானே தலையாட்டிக்கொண்டார். எல்லாருக்கும் "இல்லீங்கப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க ஆவியில் நின்று சுருக்கம் நீக்குகிறவர். அவருடைய பொறுமையே நைந்துபோயிற்று.

"நொட்டை சொல்றது உன்ற வேலை கண்ணு. ஒத்துக்கறேன். ஊட்டுக்கு வந்தும் அதே வேலையா? இந்தப் பையனையும் வேண்டாம்னீன்னா, இனி ஒருத்தரையும் நா கூட்டிட்டு வரமாட்டேன். நீயே பாத்துக்க."

அப்பா சொன்னால் சொன்னதுதான். அதனால் எனக்குப் பயம் வந்ததா என்றால் இல்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இந்த ஒருவருக்கும் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டால் அதோடு தொல்லை விட்டது. 'இல்லீங்கப்பா' என்ற பதிலைத் தயாராக மடித்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

மாப்பிள்ளை குண்டடத்துப் பக்கம். காட்டில் விவசாயம் பார்க்கிற குடும்பம். அவர் மட்டும் பிரிண்டிங் கற்றுக்கொண்டு, பல்லடம் ரோட்டில் ஒரு பட்டறையில் சொந்தமாக ஒரு பிரிண்டிங் டேபிள் போட்டிருந்தார். பெண்ணும் பிள்ளையும் பேசிப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தபோது, கோயிலா பார்க்கா என்று கேட்டார்களாம். அவர், "படத்துக்குப் போலாமுங்களா?" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. எனக்குத் துணை, உடுமலைப்பேட்டையிலிருந்து இதற்கென்றே வந்திறங்கிய சின்னம்மா. தென்னந்தோப்புக்காரி. பனியன் கம்பெனியை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. முறுக்கு டப்பா, தண்ணீர் பாட்டில், ஏசிக்குப் போர்த்திக்கொள்ள ஒரு துண்டு எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் அடைத்துக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளை தியேட்டர் வாசலில் நின்றிருந்தார். டீ-சர்ட் போட்டுக்கொண்டு. பெண்ணைப் பார்க்க டீ-சர்ட்டிலா வருவார்கள் என்று சின்னம்மா என் விலாவில் இடித்தார். நானோ அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைச் சுற்றிய ரிப் பட்டையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தோள் தையல் நேர். கை மடிப்பு இரண்டும் ஒரே அளவு. சைடு தையல் முறுக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று.

"வாங்கம்மா, வாங்க. பஸ்ஸு கூட்டமுங்களா?" என்று கேட்டுவிட்டு, சின்னம்மாவின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அப்போதுதான் முதுகைப் பார்த்தேன். முதுகு முழுக்க அந்த நாயகனின் முகமூடி. அதில் இடது கண்ணின் வெள்ளை, இருக்க வேண்டிய கருவட்டத்தை விட்டுக் கீழே நழுவியிருந்தது. பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன்; ஒன்று நூலளவு நகர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இது நூலளவு இல்லை. உலகத்தைக் காக்க வந்தவர் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கண் செருகியவராகத் தெரிந்தார்.

பிரிண்டிங் பட்டறைக்காரர், பெண் பார்க்க வரும்போது, பிரிண்டிங் போன பீஸைப் போட்டுக்கொண்டு வருகிறார். எனக்கு உள்ளே ஒரே குஷி. தேடி வந்தது தியேட்டர் வாசலிலேயே கிடைத்துவிட்டது. இனிப் படத்தை நிம்மதியாகப் பார்க்கலாம் என்று உள்ளே போனேன்.

சின்னம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். தியேட்டர் நிரம்பியிருந்தது. எல்லாம் கம்பெனி ஆட்கள். முன்வரிசையில் வடக்கத்திப் பையன்கள், இந்தியில் கூப்பாடு போட்டுக்கொண்டு. நாயகன் தமிழில் பேசினாலும் விசில் அவர்களிடமிருந்துதான் முதலில் வந்தது. பின்வரிசை முழுவதும் ஏதோ ஒரு கம்பெனியின் தையல் லைன் பெண்கள், பொரி வாசனையோடு.

படம் தொடங்கியதும் சின்னம்மாவும் தொடங்கினார்.

"ஏனுங் தம்பி, இவன் நல்லவனா, கெட்டவனா?"

"நல்லவருங்கம்மா."

"அப்பறம் எதுக்கு மூஞ்சிய மூடிட்டிருக்கறான்?"

"அவரு ஆருன்னு தெரியக் கூடாதுங்கம்மா."

"எல்லாருக்குந்தான் தெரியுதே. வெளிய போஸ்டர்லயே பேரு போட்டிருக்குது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்தப் படத்துக்குள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாதுங்கம்மா" என்றார். சின்னம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கொஞ்ச நேரம் முறுக்கு சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு நல்லவர் ஒரு கட்டடத்தை உடைத்தார். சின்னம்மா பதறிப்போய், "நல்லவன்னு சொன்னீங்க?" என்றார். "நல்லவருதானுங்கம்மா. இப்பச் சித்த நேரம் கெட்டவங்க அவருக்குள்ள பூந்துட்டாங்க. ரெண்டு பாட்டு நேரத்துல சரியாயிருவாருங்க" என்று அவர் விளக்கினார். படத்தில் பாட்டே இல்லை. நேரத்தைச் சின்னம்மாவுக்குப் புரிகிற அளவில் சொன்னார். ஒரு கேள்விக்கும் அவர் சலித்துக்கொள்ளவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலில் ஒரு 'ங்க'வையும் குறைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் பாடு வேறு. நான் உடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஜிப்பும் இல்லை, பட்டனும் இல்லை. இந்த மனுசன் எப்படி உள்ளே போகிறார், எப்படி வெளியே வருகிறார்? மஞ்சள் சால்வைக்கு ஓரம் மடிக்கவே இல்லை. அவ்வளவு காற்றில் நூல் பிரிந்து பாதி வானத்தில் தொங்க வேண்டாமா? ஒரு சண்டையில் உடை கந்தலாகிறது, அடுத்த காட்சியில் புத்தம் புதியது. தைத்தது யார்? எந்த மகராசி ராத்திரி ஓவர்டைம் பார்த்தாள்? உலகத்தைக் காப்பாற்றுகிறவர் ஒரு டெய்லருக்கு நன்றி சொன்னதாகக் காட்சி இல்லை. கட்டடங்கள் சரிந்து தெருவெல்லாம் கல்லும் மண்ணுமாகக் கிடந்தது, அதைக் கூட்டிப் பெருக்கவும் ஒரு ஆள் வரவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஏசியை ஏற்றிவிட்டார்கள். சின்னம்மாவின் தலைக்கு நேராகத்தான் அது வீசியது. துண்டைப் போர்த்தியும் தாங்கவில்லை. "நீ இங்க வா கண்ணு, நா ஓரத்துக்குப் போயிக்கறேன்" என்று எழுந்து என் இடத்துக்கு மாறிக்கொண்டார். அப்படித்தான் நான் அவருக்குப் பக்கத்தில் வந்தேன். திட்டம் ஏதும் இல்லை. ஏசியைத்தான் கேட்க வேண்டும்.

கடைசிக் காட்சி. வானத்திலிருந்து மலை மாதிரி ஏதோ ஒன்று ஊரின் மேல் விழ வருகிறது. நாயகன் அதைத் தனியாளாகத் தாங்கிப் பிடிக்கிறார். ஊர் தப்பிக்கிறது. அவர் மார்பில் உடை கிழிந்து, இரத்தம் வடிந்து, மண்டியிட்டு விழுகிறார். இசை நின்றுவிட்டது. தியேட்டரே மூச்சு விடவில்லை. முன்வரிசைப் பையன்கள்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

நான் கிழிசலைப் பார்த்தேன். குறுக்காக, ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல நேராக இருந்தது. பனியன் துணி அப்படிக் கிழியுமா? இழுவை விட்டுக்கொண்டு ஓடும். வெட்டின ஓரம் உடனே சுருண்டுகொள்ளும். திருப்பூரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விசயம். மனசுக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் நினைத்தேன்.

"பனியன் துணி கிழிஞ்சா ஓரம் சுருளாதாக்கும்?"

அந்த நிசப்தத்தில் என் குரல் தியேட்டர் முழுவதும் கேட்டது. பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, "ஆமாங்க்கா, உள்ள ஓவர்லாக் தையலே காணோம்" என்றாள். அவ்வளவுதான். பொரி சிதறச் சிதற அந்த வரிசை மொத்தமும் சிரித்தது. பக்கத்து வரிசைகளுக்கும் தொற்றியது. திரையில் அந்த மனிதர் உயிரை விட்டுக்கொண்டிருக்க, எங்கள் பக்கம் கல்யாண வீடாகிவிட்டது. சத்தியமாக, அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது.

பக்கத்தில் திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. முழங்கால் மேல் கையை ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். திரை வெளிச்சத்தில் கன்னம் ஈரமாகத் தெரிந்தது. துடைக்கவும் இல்லை. மறைக்கவும் இல்லை. என்னைப் பார்க்க வந்த மற்றவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு மலையைத் தூக்கிக் காட்டினார்கள். இவர் ஒருவர்தான், பார்க்க வந்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தியேட்டரே சிரிக்கும்போது, முகமூடி போட்ட யாரோ ஒருவருக்காக அழுதார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மடித்து வைத்திருந்த 'இல்லீங்கப்பா' எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் முதுகில் மெல்லத் தட்டிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. தட்டியும் கொடுத்தேன். அவர் திரும்பவில்லை. ஆனால் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

விளக்கு போட்டார்கள். அவர் சின்னம்மாவின் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் வந்த தையல் லைன் பெண்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள். இப்போது எதற்குச் சிரிப்பு என்று பார்த்தேன்.

அவர் முதுகில், நாயகனின் நழுவிய கண்ணைச் சரியாகக் காட்டிக்கொண்டு, சிவப்பாக ஒரு ஆரோ ஸ்டிக்கர்.

செல்போனைத் திருப்பிப் பார்த்தேன். பட்டையில் ஒன்று குறைந்திருந்தது. என் கை என்னைக் கேட்காமலே வேலை பார்த்திருக்கிறது. ஆறுதல் சொல்லப் போன கை, போகிற வழியில் ஸ்டிக்கரை உரித்து, குறையின் மேல் குறி தப்பாமல் ஒட்டிவிட்டு வந்திருக்கிறது. அத்தனை வருசப் பழக்கம்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் அது வெறும் சிவப்புக் காகிதம். இது திருப்பூர். படிக்கட்டில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். ஆணும் பெண்ணும் வயசில் மூத்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு படத்துக்கு வந்தால் அது என்ன சந்திப்பு என்பதும் தெரியும். ஒரு பெண் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஏனுங்க்கா, அண்ணன் ஆல்டர் பீஸுங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனாள். கூட்டம் அவருக்கு வழிவிட்டு, பின்னால் நின்று சிரித்தது. அவரோ கனமான பையைத் தூக்கிக்கொண்டு, எல்லாருக்கும் "சித்த வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவருக்குத் தெரிவதற்குள் எடுத்துவிட வேண்டும். படிக்கட்டுத் திருப்பத்தில் எட்டிக் கையை நீட்டினேன். சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"என்னடி பண்ற? படிக்கட்டுல வெச்சு? தேதி குறிக்கற வரைக்குமாச்சும் பொறுத்துக்க."

"அது இல்லீங் சின்னம்மா, முதுகுல ஸ்டிக்கர்..."

"நானும் பாத்தேன். வெலச்சீட்டு எடுக்காம போட்டுட்டு வந்துட்டாரு பாவம். விடு, புதுத்துணிதானேன்னு நெனச்சுக்குவாங்க."

வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டத்தோடு ஒட்டிப் போய் இன்னொரு முறை முயன்றேன். நகம் ஸ்டிக்கரைத் தொடுகிற நேரம் அவர் திரும்பிவிட்டார். அந்தரத்தில் நின்ற கையைக் கொண்டுபோய் என் தலைமுடியைக் கோதிக்கொண்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முதுகுல தட்டிக் குடுத்தீங்களே. ரொம்ப நன்றிங்க. அந்த இடத்துல நா எப்பவும் அழுதுருவனுங்க. பட்டறைல எல்லாரும் சிரிப்பாங்க. தட்டிக் குடுத்தது நீங்கதானுங்க."

இந்தப் படத்தை எடுத்தவனையும் ஸ்டிக்கர் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டினேன், மனசுக்குள்.

எதிரே பேக்கரியில் டீ குடிக்கப் போனோம். சின்னம்மா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று எந்தத் தேங்காய் பன் பெரியது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரும் டீயோடு நின்றோம். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். டீ மாஸ்டர் முந்திக்கொண்டார். அவருக்கும் ஒரு காலத்தில் கம்பெனி வேலைதான் போல.

"தம்பி, முதுகுல ஆரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதுங்க. செக்கிங்ல ஆரு, ஊட்டுக்காரம்மாங்களா?"

அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். விரல் தேடித் தேடி அந்த இடத்தைத் தொட்டது. தொட்டதும் நின்றுவிட்டது. உரிக்கவில்லை. தியேட்டரில் கேட்ட சிரிப்பு, படிக்கட்டில் விட்ட வழி எல்லாவற்றையும் அவர் ஒன்றொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. டீ டம்ளரைத் திட்டின் மேல் வைத்தார்.

"அப்ப நீங்க தட்டிக் குடுக்கலீங்களா?"

"குடுத்தனுங்க. தட்டிக் குடுக்கத்தான் வந்தனுங்க. கை பழக்கத்துல ஒட்டிருச்சுங்க. எடது கண்ணு நவுந்திருக்குது பாருங்க, அதுக்கு."

"தெரியுமுங்க" என்றார். "நாந்தான் அடிச்சேன். டேபிள்ல போட்ட மொத பீஸு. ஆரும் எடுக்க மாட்டாங்கன்னு நானே போட்டுக்கிட்டனுங்க." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "ரிஜெக்ட்டுங்களா?"

அவர் சட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். வீட்டில் அப்பா பதிலுக்குக் காத்திருக்கிறார். சின்னம்மா பன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார், திரும்பி வந்துவிடுவார். வாழ்நாளெல்லாம் குறை சொல்லியே பழகிய வாய்க்கு அந்த நேரத்தில் வேலை தவிர வேறு பேச்சு வரவில்லை.

"ரிஜெக்ட்டுக்கு நாங்க ஆரோ ஒட்ட மாட்டமுங்க" என்றேன். "ரிஜெக்ட்னா பெட்டில போட்டுட்டு அடுத்த பீஸ எடுத்துருவோம். திரும்பி வரோணும்னு இருக்கற பீஸுக்குத்தானுங்க ஆரோ."

அவர் டம்ளரை மறுபடி எடுத்தார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"அப்ப நா உரிக்கறதில்லீங்க" என்றார். "ஒட்டுனவங்கதான் உரிக்கோணும்."

சொன்னபடியே செய்தார். எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பல்லடம் ரோட்டில் போனார். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில், தூங்குமூஞ்சி நாயகனும் அவர் கண்ணுக்குக் கீழே சிவப்பு ஆரோவுமாக அந்த முதுகு போவதை ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னம்மா, "கடைசி வரைக்கும் அந்த வெலச்சீட்ட ஆரும் சொல்லலியே" என்று வருத்தப்பட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார். "சொல்லு. என்ன நொட்டை?"

"எடது கண்ணு நவுந்திருக்குதுங்கப்பா."

அப்பா திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "மாப்பிள்ளைக்கா?"

"இல்லீங்கப்பா. அவரு பனியனுக்கு."

"மாப்பிள்ளைக்கு?"

"அவருக்கு ஒண்ணும் இல்லீங்கப்பா" என்றேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

உறுதி வார்த்தைக்கு, நிச்சயம் பேச, அவர்கள் வந்தார்கள். குண்டடத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும். அவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் இறங்கினார். டீ-சர்ட்டை எதிர்பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெரியவர்கள் கூடியிருக்கும் சபைக்கு யார் அதைப் போட்டுக்கொண்டு வருவார்கள்? இருந்தாலும் எனக்கு மனசு சுருங்கிப்போயிற்று. உரித்துவிட்டார். துவைக்கிறபோது போயிருக்கும். பேக்கரியில் பேசிய பேச்சு பேக்கரியோடு போயிற்று. அன்றைக்கு நான் அவருடைய காலரைக்கூடப் பார்க்கவில்லை. தட்டை எடுத்து வைத்தார்கள், வெற்றிலை எடுத்து வைத்தார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

சபையை வணங்கச் சொன்னார்கள். அவர் எங்கள் பக்கம் கும்பிட்டுவிட்டு, தன் வீட்டுப் பெரியவர்களைக் கும்பிட முதுகைத் திருப்பினார்.

சலவை வெள்ளைச் சட்டையின் நடு முதுகில் அதே ஆரோ; எறியாமல் பனியனிலிருந்து இதற்கு மாற்றி ஒட்டியிருக்கிறார். ஓரமெல்லாம் கறுத்து, முனை மடங்கி, ஒரு பக்கம் பிடிப்பு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மாமா ஒருவர், "என்றா இது குப்பை" என்று கையை நீட்டினார். அவர் நகர்ந்துகொண்டு, "வேண்டாமுங் மாமா. அத அவங்கதான் எடுக்கோணும்" என்றார்.

சபை விழித்தது. சின்னம்மா, "இதுக்கும் வெலச்சீட்ட எடுக்கலியா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். முதலில் சிரித்தவர் அப்பாதான். அயர்ன் மேசைக்கு வந்த எத்தனை பீஸில் மறந்துபோன ஆரோவைப் பார்த்திருப்பார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. துண்டால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போ கண்ணு. போயி பாஸ் பண்ணீட்டு வா."

அத்தனை பேர் முன்னால் நடந்து போனேன். ஸ்டிக்கரில் பசையே இல்லை, தொட்டதும் வந்துவிட்டது. அதற்குக் கீழே பார்த்தேன், பழக்கம் விடுமா. வெறும் வெள்ளைத் துணி. காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அந்தப் படம் இப்போதும் விடுமுறை நாட்களில் டிவியில் வருகிறது. ரிமோட் அவர் கையில் இருக்கும். நான் காய் நறுக்கிக்கொண்டே உடையைத் திட்டுவேன். ஜிப் எங்கே என்பேன், ஓவர்டைம் பார்த்தது யார் என்பேன், இரைச்சலைக் குறையுங்கள் என்பேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அந்தக் கிழிசல் இன்றைக்கும் சுருளவில்லை. அது பொய்க் கிழிசல்தான், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் அவர் முழங்காலில் கை ஊன்றி முன்னால் குனிவார். நான் கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், முதுகில் தட்டிக் கொடுப்பேன்.

அவர் கண்ணைத் துடைப்பதற்கு முன்னால் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.